முயல் கடனும் மர பீரோவும்

வாசலில் வசூல்காரரின் குரல் கேட்டதுமே வீட்டுத் தலைவர் மர பீரோவுக்குள் புகுந்துகொண்டார். கதவைச் சாத்தி உதவியது அவரைப் பெற்ற தாய். தையல் மிஷினும் கையுமாக வெளியே அகப்பட்டவள் மனைவி.

கடன் முயலுக்காக வாங்கியது. நாற்பது முயல் வாங்கினால் ஆறே மாதத்தில் நானூறாகும் என்று யாரோ சொன்னதை நம்பி, கட்டினவளிடம் மூச்சுக்கூட விடாமல் வாங்கி வந்தார். நாற்பதும் ஆண். மொட்டைமாடியில் ஒரு வருஷம் தின்று கொழுத்து, ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு இருந்தன.

வசூல்காரர் மிஷினைத் தடவிப் பார்த்தார். "நல்ல மிஷின். இத எடுத்துக்கிறோம். இல்லன்னா, பாக்கிய நீங்க கட்டுறதா ஒரு கையெழுத்துப் போடுங்க."

தையல்காரி மிஷினை இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்த மிஷின் ஓடினால்தான் இந்த வீட்டில் அடுப்பு எரியும்.

"போட்டுக் குடேன்டி," என்றாள் மாமியார். "புருஷன் கடன் பொண்டாட்டி கடன் இல்லையா? ஊர் உலகத்துல நடக்காததா!"

"போட்டுடு, போட்டுடு," என்று பீரோ முணுமுணுத்தது. மாமியார் அவசரமாக இருமினாள்.

அந்த முணுமுணுப்பில்தான் மருமகளுக்குச் சுர்ரென்று ஏறியது. "சார், கடன் காகிதத்துல என் கையெழுத்து எங்க இருக்கு? காட்டுங்க."

புரட்டினார். இல்லை. மிஷின் வாங்கிய ரசீதை அவள் நீட்டினாள். அதில் அவள் பெயர் மட்டும்தான்.

"அப்ப அவரு பொருள் எதையாவது காட்டுங்கம்மா. வெறுங்கையோட போனா ஆபீஸ்ல என்னை வறுத்தெடுத்துடுவாங்க." அவர் பார்வை பீரோ பக்கம் போனது.

"ஐயையோ, அதுல கை வைக்காதீங்க!" என்று பாய்ந்தாள் மாமியார். "அது நான் என் பிள்ளைக்கு வாங்கிக் குடுத்தது. இவளுக்கு அதுல ஒரு ஆணிகூடச் சொந்தமில்ல!"

"ரொம்ப நல்லதாப் போச்சு," என்று வசூல்காரர் தன் ஆட்களைக் கூப்பிட்டார்.

மாமியார் நாக்கைக் கடித்துக்கொண்டு, மருமகளைக் கண்ணாலேயே கெஞ்சினாள். கல்யாணமான நாளாய் அவள் கெஞ்சியது இதுதான் முதல் தடவை. தையல்காரிக்கு அது இனிக்கத்தான் செய்தது, ஒளிப்பானேன்.

"பாத்து எறங்குங்கண்ணா, படி குறுகல்," என்றாள்.

நாலாவது படியில் பீரோ தும்மியது. ஆட்கள் பதறிப்போய் இறக்கி வைக்க, கதவு திறந்து வீட்டுத் தலைவர் வசூல்காரரின் காலடியில் உருண்டு வந்து உட்கார்ந்தார்.

"அடியே, நான் உள்ள இருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றார் அழாக்குறையாக.

"கடன் வாங்கறப்ப நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?"

புருஷனைப் பீரோவோடு அனுப்பிவிட்டாளே, இவளும் ஒரு பொம்பளையா என்று மாடிப்படி முழுக்கப் பேச்சு. பேசியவர்களில் ஒருவர்கூட அந்தக் கடனில் பத்துக் காசு கட்ட முன்வரவில்லை. அவள் உள்ளே போய் மிஷினை மிதிக்கத் தொடங்கினாள்.