மஞ்சள் மூடிக் குழாய்

மருத்துவமனையின் தரைத்தளத்தில் இருந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் டிகிரி என்றே கூப்பிட்டார்கள். ஏழு பேரில் உயிரியலில் பட்டம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் ஓராண்டுப் படிப்போடு வந்தவர்கள். சம்பளம் எல்லோருக்கும் ஒன்று. வெளியிலிருந்து ரத்தப் பெட்டியை பைக்கில் கொண்டுவருபவருக்கு அதில் ஒரு தனி சந்தோஷம்.

"நான் பத்தாவதுல பெயிலாகிக் கோட் அடிச்சவன், தங்கச்சி. பெட்ரோல் போக எனக்குக் கையில நிக்கிறது உன்னைவிட ஜாஸ்தி. நீயும் ஒரு பைக் வாங்கிடேன்."

"வாங்கறதுக்குக் கடன் எவன் குடுப்பான், அண்ணே? ஏற்கெனவே ஒண்ணு கழுத்தைப் பிடிச்சுட்டு இருக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். சிரிப்பு உதட்டோடு சரி. படிப்புக் கடனின் தவணை சம்பளத்தில் பாதியைத் தின்றது. வேலை தேடி அலைந்த நாட்களில் இரண்டு தவணை தவறிவிட்டது. மூன்றாவதும் தவறினால் ஜாமீன் கையெழுத்துப் போட்டவரின் சம்பளத்தில் பிடிப்பார்கள். போட்டது அக்காவின் கணவர். படித்துப் பார்க்காமல் நாலு இடத்தில் போட்டார். "டாக்டராகி எனக்கு ஓசியில ஊசி போடணும்" என்றார். "டாக்டர் இல்ல அத்தான், உயிரியல்" என்றாள் இவள். "எல்லாம் ஒண்ணுதான்" என்று பேனாவை மூடினார். இப்போது அவர் அவளோடு பேசுவதில்லை.

இந்த வேலையாவது நிலைக்க வேண்டும். முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். அதற்குள் எடுத்த ரத்தம் போதவில்லை என்று மூன்று முறை மறுபடி குத்தப் போனால் ஆளை அனுப்பிவிடுவார்கள். ஐந்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ஏற்கெனவே இரண்டு கோடு.

அன்று காலை மூன்றாம் மாடி வார்டில் ஒரு முதியவருக்கு ரத்தம் எடுக்கப் போனாள். நரம்பு ஊசிக்கு அகப்படாமல் நழுவியது.

"இன்னும் எத்தனை தடவைம்மா குத்துவ?"

"இதோ ஆச்சுப்பா."

ஊதா மூடிக் குழாய் நிறைந்தது. பொட்டாசியம், கால்சியம் பார்க்கிற மஞ்சள் மூடிக் குழாயின் முறை வந்தபோது நாலு சொட்டோடு நின்றுபோனது. மாடிப்படித் திருப்பத்தில் யாருமில்லை. இரண்டையும் திறந்து, ஊதாவிலிருந்து கொஞ்சம் மஞ்சளில் சாய்த்து மூடினாள்.

ஓராண்டுப் படிப்புக்காரர்கள் செத்தாலும் இதைச் செய்யமாட்டார்கள். முதல் வாரமே தலையில் குட்டிச் சொல்லிக்கொடுப்பது அது. ஊதாக் குழாயின் உள்ளே, ரத்தம் உறையாதிருக்க, பொட்டாசியம் கலந்த உப்பு தடவியிருக்கும். அவளுக்கும் தெரியும், ஐந்து மதிப்பெண் கேள்விக்கு முழு விடை எழுதியவள். ஆனால் படிக்கட்டில் நின்றபோது அவள் கண்ணுக்குத் தெரிந்தது மூன்றாவது கோடு மட்டும்தான்.

பதினொரு மணிக்கு அக்கா போனில் அழைத்தாள். தாழ்வாரத்துக்குப் போய்ப் பேசினாள்.

"இந்த மாசம் கட்டிடுவ இல்ல?"

"கட்டிடுவேன்க்கா."

"அவரு ஆபீசுக்கு லெட்டர் வந்தா நான் இந்த வீட்ல தலை நிமிர முடியாதுடி."

"கட்டிடுவேன்னு சொல்றேன்ல."

திரும்பி வந்தபோது சூப்பர்வைசர் அம்மா அப்போதுதான் பேசி முடித்து ரிசீவரைக் கீழே வைத்தாள்.

"உன் ஆளுதான், டிகிரி. அந்த மூணாவது மாடிப் பெரியவர். பொட்டாசியம் எட்டரை. இதயம் எப்ப வேணா நிக்கும். வார்டுக்குச் சொல்லிட்டேன், டாக்டர் ஓடுறார். நல்லவேளை சீக்கிரம் எடுத்த."

மெஷினின் திரையில் அடுத்த வரி அப்போதுதான் விழுந்தது. கால்சியம், உயிருள்ள மனிதனுக்கு இருக்கவே முடியாத அளவுக்குக் கீழே. ஊதாக் குழாயின் உப்பு கால்சியத்தை விழுங்கிவிடும். முதியவருக்கு ஒன்றுமில்லை. அவர் உடம்பில் ஏறாத பொட்டாசியத்தை இறக்க மருந்து ஏற்றப்போகிறார்கள். இருப்பதும் இறங்கிவிட்டால் இதயம் நிஜமாகவே நிற்கும்.

குழாயில் ரத்தம் சிதைந்து பொட்டாசியம் கூடிவிட்டது என்று சொல்லலாம். ஆனால் அதைச் சூப்பர்வைசர் நம்பமாட்டாள். குழாயைத் தூக்கிப் பார்ப்பாள், தெளிந்த நீர் சிவக்காமல் மஞ்சளாகத்தான் இருக்கும். பார்த்து, பேசி முடிக்கப் பத்து நிமிடம் போகும். மேலே பத்து நிமிடம் இல்லை.

ரிசீவரை எடுத்தாள். விரல் இரண்டு முறை தப்பான எண்ணை அழுத்தியது.

"மூணாவது மாடி" என்றாள் நர்ஸ்.

"லேப்லேர்ந்து பேசறேன். அந்தப் பெரியவருக்கு மருந்து ஏத்தாதீங்க. ரிசல்ட் தப்பு. ஊதாக் குழாய் ரத்தத்தை மஞ்சள்ல ஊத்திட்டேன்."

"யாரு ஊத்தினது?"

"நான்தான்."

"முன்னாடியே சொல்லக் கூடாதா? ஏத்த ஆரம்பிச்சாச்சே."

ரிசீவர் மேசையில் விழும் சத்தம். பிறகு ஓட்டம், யாரோ யாரையோ கூப்பிடுவது, சக்கரக் கட்டில் உருளுவது. அவள் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். சூப்பர்வைசர் அவள் முகத்தைப் பார்த்தாள். பார்வை திரைக்குப் போனது, கால்சியம் வரியில் நின்றது. உதடு இறுகியது.

வெகுநேரம் கழித்து நர்ஸ் மறுபடி லைனுக்கு வந்தாள். "கால்வாசி உள்ள போயிருக்கு. நிறுத்திட்டோம். மானிட்டர் போட்டுப் பக்கத்துலயே டாக்டர் நிக்கிறார். வேற ரத்தம் எடுக்கணும், வேற ஆளை அனுப்பச் சொல்லுங்க. உங்க பேரு, நம்பர் சொல்லுங்க, எழுதணும்."

சொன்னாள். எழுத்துக் கூட்டிச் சொன்னாள். ரிசீவரை வைத்தாள்.

"மேல நான் போறேன்" என்றாள் சூப்பர்வைசர், ஊசித் தட்டை எடுத்துக்கொண்டே. "அந்த ட்ரேல இருபத்திரண்டு குழாய் கிடக்கு. பார்க்க ஆளில்ல. முடிச்சிட்டு ஆபீசுக்குப் போ, கணக்குத் தீர்த்து வைப்பாங்க."

"அவருக்கு ஒண்ணும் ஆகாதில்ல, மேடம்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

கதவு சாத்திக்கொண்டது. அவள் உட்கார்ந்தாள். முதல் குழாயை எடுத்துப் பெயரைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.