வெயில் படாத மணல்

“மூடியைக் கழட்டுங்கம்மா. உள்ள என்ன இருக்குன்னு பாக்காம விட முடியாது.”

விமான நிலையச் சோதனை அதிகாரி ஒரே பிடியாக நின்றார். மேசைமேல் கறுப்பு டேப் சுற்றிய முழ நீள இரும்புக் குழாய். அகழாய்வுக்காரி அதன் மூடியைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“வெறும் மணல் சார். ஆனா வெளிச்சம் பட்டா போச்சு. இது கடைசியா எப்ப வெயில் பாத்துச்சுன்னு லேப்ல கண்டுபிடிப்பாங்க. இதுக்கு அடியிலதான் மனுசன் செஞ்ச கல்லுக் கத்தி கிடைச்சுது. இந்தக் கண்டத்துல மனுசன் முதமுதல்ல எப்ப கால் வச்சான்னு சொல்ல இது ஒண்ணுதான் சாட்சி.”

“அப்ப இன்னொரு குழாய் எடுத்துக்கிட்டு வாங்களேன்.”

எடுக்கலாமே! அவள் இளமை முழுவதையும் தின்ற குழி, போன மழையில் ஆற்றோடு போய்விட்டது. அதை இந்த மனிதரிடம் எந்த வாயால் சொல்வது? சொன்னாள்.

அதிகாரி போனைப் பார்த்தார். இதோடு நூறு தடவை பார்த்திருப்பார். “சரி, இருட்டுல திறங்க. நான் விரலை விட்டுப் பாக்குறேன். ஆனா போனை வெளிய வைக்க மாட்டேன். மகளுக்குப் பிரசவ வலி.” கால்சட்டைப் பைக்குள் அதைத் திணித்துக்கொண்டார்.

துடைப்பமும் வாளியும் கிடந்த சாமான் அறைக்குள் போனார்கள். கதவிடுக்கில் அவள் தன் சால்வையைச் செருகினாள். விளக்கை அணைத்ததும் தன் கையே தனக்குத் தெரியவில்லை. டேப்பைப் பிரித்து மூடியைத் திருகினாள். அவர் விரல் உள்ளே நுழைந்தது.

“மணல்தான்,” என்றார். குரலில் ஏமாற்றம் வேறு!

அந்த நேரம் பார்த்தா போன் அடிக்க வேண்டும்? அவள் பதறியதில் மூடி கைநழுவி எங்கேயோ உருண்டது.

“போனை எடுக்காதீங்க சார், வெளிச்சம் பட்டுடும்! மூடி விழுந்துடுச்சு!” குழாயின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

போன் நின்றது. மறுபடி அடித்தது. பெற்ற மனசு, எடுக்காமல் இருக்குமா? எடுத்துவிடுவார், எல்லாம் நாசம் என்று அவளுக்கு உயிரே போனது. திடீரென்று வாளி உருளும் சத்தம். மனிதர் தரையில் மண்டியிட்டுத் தடவிக்கொண்டிருந்தார். பைக்குள் போன் கத்திக்கொண்டே இருந்தது.

“இந்தாங்க, பிடிங்க. மூடியாச்சா? டேப் சுத்தியாச்சா? நல்லாப் பாருங்கம்மா.”

“ஆச்சு சார்.”

கதவைத் திறந்தார். முட்டியெல்லாம் தூசியோடு போனைக் காதில் வைத்தார். மனைவி போட்ட சத்தம் அவளுக்கே கேட்டது: “எங்க போய்த் தொலைஞ்சீங்க?”

“இருட்டுக்குள்ள இருந்தேன்டி.” அவர் குரல் உடைந்தது. “சொல்லு, ரெண்டு பேரும் நல்லாருக்காங்களா?”

அவள் விமானத்துக்குக் கடைசி அழைப்பு ஒலித்தது. குழாயை அணைத்துக்கொண்டு, அவர் சிரிக்கும்வரை அவள் அங்கேயே நின்றாள்.