வெறும் பிசின் தண்ணீர்

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மதராஸே மூட்டை கட்டிய வருஷம், சுலோச்சனா அம்மாள் தன் ஆராய்ச்சிக்கூடத்தோடு திருத்தணி மலையடிவாரத்து வாடகை வீடொன்றுக்கு வந்து சேர்ந்தார். உதவிக்கு அமர்ந்தவர் உள்ளூர்க் கம்பவுண்டர் ஜம்புலிங்கம். சம்பளத்துக்காக மட்டுமா? அவர் மனைவி பூவம்மாள் தீராத சீதபேதியில் துரும்பாய் இளைத்துக்கொண்டிருந்தாள். அம்மாள் ஆராய்ந்ததோ சீதபேதி மருந்து.

மரப்பட்டையிலிருந்து எடுத்த அந்தத் தூள் சரியான சண்டி. தண்ணீரில் போட்டால் நனையாமல் மிதக்கும். நனைந்தால் அடியில் போய் உட்காரும். நனைய வைக்கப் பூந்திக்கொட்டைச் சாறு, அடியில் தங்காமல் தாங்க வேலம்பிசின். இரண்டும் மருந்தைச் சுமக்கும் கூலியாட்கள், வேறொன்றும் செய்யாதவை என்றே இருவரும் நம்பியிருந்தார்கள்.

கலவையைக் குடித்த முயல்கள் வயிறு உப்பிச் செத்தன. மருந்து விஷம், வேலையை மூடுங்கள் என்று பட்டணத்துப் பெரியவர்கள் சொல்லியனுப்பினார்கள். மிச்சமிருந்தவை மூன்றே முயல்கள். மருந்தைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கலாம் என்று ஜம்புலிங்கம் கெஞ்சினார். அம்மாளோ மருந்தை அடியோடு விட்டுவிட்டு, பிசினையும் பூந்திச்சாற்றையும் மட்டும் கலந்தார்.

ஜம்புலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மருந்தே இல்லாத தண்ணிய ஊத்திகினு இருந்தா என் பொஞ்சாதி பொழைப்பாளாம்மா?"

"செத்தது மருந்தாலயா, அதைச் சுமந்து வந்ததாலயான்னு தெரிய வேணாமா, ஜம்புலிங்கம்?"

என்ன நெஞ்சழுத்தம் அந்த அம்மாளுக்கு! மறுநாள் அந்த மூன்றும் அதேபோல் வயிறு உப்பிக் கிடந்தன. செத்த முயலைப் பார்த்து ஒரு மனுஷன் சந்தோஷத்தில் அழுவானா? ஜம்புலிங்கம் அழுதார்; கொன்றது மருந்தில்லையே!

அப்புறம் புதிதாக முயல்கள் வாங்கி, அவற்றுக்குப் பிசினை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள், ஒரு குறையுமில்லை. பூந்திச்சாற்றைத் தள்ளிவிட்டு, தூளைப் பிசினோடு கல்வத்தில் அரைத்து அரைத்தே நனைய வைத்தார் அம்மாள். கையில் கொப்புளம் கண்டும் விடவில்லை. அந்தக் கலவையைக் குடித்த முயல்கள் சௌக்கியமாகப் புல் மேய்ந்தன. பிறகு அம்மாள் தானே குடித்தும் பார்த்தார். மலைமேல் இருக்கிற முருகனுக்கு அடுத்தபடி ஜம்புலிங்கம் மனசார வணங்கியது அவரைத்தான்.

இனிப் பூவம்மாளுக்குக் கொடுக்கலாம் என்று அம்மாள் சொன்ன காலையில் மருந்து மேஜைமேல் தயாராக இருந்தது. ஜம்புலிங்கம் அதைத் தொடவில்லை. தனிக் கிண்ணத்தில் பிசினை மட்டும் கரைத்து வீட்டுக்கு எடுத்துப் போனார்.

பூவம்மாள் கிண்ணத்தை வாங்கினாள். மருந்து வந்துவிட்டதா என்று கேட்டாள்.

"இல்ல. இன்னிக்கு வெறும் பிசின் தண்ணி. இது உன்ன ஒண்ணும் பண்ணலன்னு பாத்துட்டு, நாளைக்கு மருந்து."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் குடித்தாள்.