இரும்புக் கதவுக்கு இந்தப் பக்கம்

1.

இந்தக் கதை சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் என் முதுகுக்குப் பின்னால் கிடைத்தது. நான் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு பெண்குரல் போனில் பேசியது: "கதவ சாத்திட்டாளாம். இப்ப தொறக்கப் பயமா இருக்காம். அவரு வந்து தொறக்கறேன்னு கெளம்பிட்டாராம்."

திரும்பினேன். கூட்டம்தான் இருந்தது. அப்புறம் என்ன ஆனது என்று கேட்க ஆளில்லை.

எனக்குக் கதை பேச்சாகத்தான் வரும். முகம் தெரியாது, புடவை நிறம் தெரியாது. குரல் மட்டும் கேட்கும், கேட்டதை எழுதுவேன். அன்றைக்குக் காய் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

2.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'ஜூரோங்கின் மாலை வானம் மெல்லச் சிவந்து—'

வேண்டாம். பயந்துபோனவள் வானத்தையா பார்ப்பாள்? மறுபடி:

பாம் ஷெல்ட்டருக்குள்* உளுந்து எடுக்கப் போன இளமதி, கீழ்த்தட்டில் இருந்த பேட்டரியைப் பார்த்தாள். அவள் கணவர் ரகுபதி மின்சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்கிறவர். அது அவருடைய மாற்று பேட்டரி. நேற்றுவரை செங்கல் மாதிரி இருந்தது இன்று அஜீரணக்காரன் வயிறு மாதிரி உப்பியிருந்தது. நெயில் பாலிஷ் போல ஒரு தித்திப்பு வாடை. உளுந்தை எடுக்காமலே வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

[*வெளியூர் வாசகருக்கு: கார் கொட்டகை வைத்துக்கொள்ளும் யோகம் எங்களில் பலருக்குக் கிடையாது. குண்டு விழுந்தால் பதுங்கிக்கொள்ள அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே ஓர் அறை கட்டித் தந்திருக்கிறார்கள். கான்கிரீட் சுவர், கனத்த இரும்புக் கதவு. குண்டு விழவில்லை. அரிசி மூட்டையும் பழைய மின்விசிறியும் வந்து விழுந்தன.]

அந்த அறையில் வேறு என்னென்ன இருந்தன என்று சொல்லிவிடுகிறேன். தைப்பூசத்துக்காகச் சிராங்கூன் சாலையில் மொத்தமாக வாங்கிய கற்பூரம். விளக்கெண்ணெய் டின். தீபாவளிக்குச் சுவரில் சாயம் அடித்தபோது மிஞ்சிய பெயிண்ட் தின்னர். மேசையில் வைத்துச் சூப் கொதிக்கவிடும் ஸ்டீம்போட் அடுப்புக்கான கேஸ் குப்பிகள். பழைய பேப்பர்.

இளமதி அசட்டையான பொம்பளை இல்லை. எதெது ஆபத்தோ அதையெல்லாம் தேடித் தேடி, வீட்டிலேயே பத்திரமான அறையில் வைத்தாள். குண்டுக்கே அசையாத அறையாயிற்றே. அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

3.

"என்னங்க, அது உப்பியிருக்கு."

"எது?"

"உங்க பேட்டரி. வாடை வேற வருது."

போனில் சாலை இரைச்சலுக்கு மேல் ரகுபதி குரலை உயர்த்தினார்.

"தொறக்காத. யாரையும் கூப்பிடாத. நான் வந்து எடுத்துட்டுப் போயிடறேன்."

"எப்படி எடுப்பீங்க?"

"கையிலதான். துணி சுத்தி லிஃப்டுல கொண்டுபோய்—"

"லிஃப்டுலயா?"

"இளமதி, அதுல அனுமதி ஸ்டிக்கர் இல்ல. ஆன்லைன்ல வாங்கின பழசு. தீயணைப்புக்காரங்க வந்தா எழுதிக்கிட்டுப் போவாங்க. கம்பெனி என் அக்கவுண்ட்ட மூடிடும். அப்புறம் நான் என்ன ஓட்டறது, பஸ்ஸா?"

4.

(ரகுபதியை நான் நம்பவில்லை. குடிகாரனாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. பொண்டாட்டியை வைகிறவனாக்கினேன், வாயைத் திறக்க மாட்டேன் என்றுவிட்டார். கடைசியில் அவராகவே ஒன்று சொன்னார்: "நீ மொதல்ல கீழ போ. பக்கத்து வீட்டுல சொல்லி அவங்களையும் எறக்கு. நான் மட்டும் மேல போறேன்." கெட்டவனாக இருந்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும்.)

பக்கத்து வீட்டு ரபியா அதற்குள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றுவிட்டார்.

"என்ன புள்ள, நெயில் பாலிஷ் பாட்டில உடைச்சிட்டியா? எங்க வீடு வரைக்கும் அடிக்குது லா."

"இல்லக்கா. பேட்டரி."

ரபியாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "கதவு சுடுதா?"

இளமதி இரும்பில் உள்ளங்கையை வைத்தாள். "சுடல."

"நல்லதுதானே?"

"சுடலன்னா நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியலக்கா."

கதவுக்கு மேலே இருந்த காற்றுத் துளை வழியாக வாடை இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஏதோ 'டிக்' என்றது. பேட்டரியாக இருக்கலாம், எண்ணெய் டின்னாகவும் இருக்கலாம். ரபியா தன் அம்மாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைக்க ஓடினார்.

5.

இனி முடிவுகள். நான் எழுதிப் பார்த்தவை.

ரகுபதி வந்தார், திறந்தார். பேட்டரி சும்மா கிடந்தது. துணி சுற்றிக் கீழே கொண்டுபோனார். பிறகு எல்லோரும் நுரை பொங்க ஆற்றிய டீ, தே தாரிக், குடித்தார்கள். இது நடக்கக்கூடியதுதான். பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. அதனால்தான் இத்தனை வீடுகளில் பேட்டரி இன்னும் கற்பூரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

இன்னொன்று: ரகுபதி கைப்பிடியைத் திருப்பினார். உள்ளே அடைந்து கிடந்த ஆவி, வெளிக்காற்று பட்டதும்—

இதற்கு மேல் எனக்குப் பேச்சு கேட்கவில்லை. காதை எவ்வளவு தீட்டினாலும் ஒரு குரலும் இல்லை. பேனாவை வைத்துவிட்டு என் வீட்டு ஷெல்ட்டரைத் திறந்து பார்த்தேன். அதில் என்ன இருந்தது என்று நீங்கள் கேட்கவேண்டாம்.

மூன்றாவது: இளமதி தீயணைப்புப் படையின் 995-ஐ அழைத்தாள். வந்தார்கள், எடுத்தார்கள், எழுதிக்கொண்டார்கள். ரகுபதிக்கு வேலை போயிற்று. "நான் உயிரோட இருக்கேன்னு சந்தோஷப்படறியா?" என்று ஒருநாள் கேட்டார். அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

6.

ஆகவே இதோடு நிறுத்துகிறேன். என்னால் முடிந்ததைச் செய்திருக்கிறேன்: ரபியாவையும் அவர் அம்மாவையும் வாய்ட் டெக்குக்கு, புளோக்கின் அடித்தளத்துக்கு, இறக்கிவிட்டேன். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தூரமாய்ப் போய்விட்டார்கள். இளமதி மட்டும் கீழே லிஃப்டு வாசலில் நிற்கிறாள். மேலே வீட்டில் யாரும் இல்லை. ஷெல்ட்டர் கதவு சாத்தியே இருக்கிறது.

ரகுபதி வந்துவிட்டார். வியர்த்திருக்கிறார், தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. லிஃப்டுக்குள் நுழைந்து பொத்தானை அழுத்தினார். கதவு மூடப்போகும்போது இளமதி செருப்புக் காலை நடுவில் வைத்தாள். லிஃப்டு திறந்துகொண்டு கீச்சிட்டது. மறுபடி மூட வந்தது, மறுபடி கீச்சிட்டது. அவள் போனில் 995 என்று தட்டியாயிற்று. அழைக்கவில்லை.

"கால எடும்மா."

"மாட்டேன்."

"அஞ்சு நிமிஷ வேலை. எடுத்துட்டு வந்துடறேன்."

"கதவத் தொறந்தா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது." தலைக்கவசத்துக்குள்ளிருந்து குரல் மெதுவாக வந்தது. "நீ அத அழுத்துனா என்ன ஆகும்னு தெரியும்."

லிஃப்டு கீச்சிடுகிறது. அந்தக் காலை அங்கேயே வைத்திருக்க மட்டும்தான் என்னால் முடிகிறது. அதற்கும் வலிக்க ஆரம்பித்திருக்கும். இளமதி அவருக்கு ஏதோ பதில் சொல்கிறாள். உதடு அசைகிறது. அந்தக் கீச்சொலியில் என் காதில் விழவில்லை.

நீங்கள் என்னைவிடக் கிட்டே நிற்கிறீர்கள். என்ன சொன்னாள்?