மஞ்சள் பூசிய சிலேட்டு

கம்பளைக்கு மேலேயிருந்த காப்பித் தோட்டத்துக் கூலிகள் குடியிருந்த லயத்திலிருந்து மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போன ஒரே பெண்பிள்ளை அழகம்மா. கடைசி வகுப்பைத் தாண்டினால் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை. தாய் சுப்பம்மா அதையே நினைத்துக்கொண்டுதான் தினமும் மலையேறிப் பழம் பறித்தாள்.

பள்ளிக்கூடத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. கண்டியில் கதிரையில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்த பாதிரியார் போட்டது. வீட்டுப்பாடம் மூன்று முறை பிந்தினால் பெயர் வெட்டப்படும். பிள்ளைகளுக்குப் பொறுப்பு வரவேண்டுமாம். மழையும் காய்ச்சலும் வேலை வாங்கும் கங்காணியும் இன்னதென்று தெரியாதவருக்குச் சட்டம் போடுவது எவ்வளவு சுலபம்! அழகம்மாவுக்கு ஏற்கெனவே இரண்டு முறை பிந்திவிட்டது. ஆறு பெருகி வழியை மறித்த அன்று ஒன்று. அப்பன் மூக்கையாவைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த வாரம் இன்னொன்று.

அந்த வருஷம் சரஸ்வதி பூசை ஞாயிற்றுக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை உபாத்தியாயர் பலகையில் எழுதிப்போட்ட கணக்குகளைச் சிலேட்டில் எழுதிக்கொண்டு வந்த அழகம்மா, மறுநாளே எல்லாவற்றையும் போட்டு முடித்துவிட்டாள். திங்கட்கிழமை காட்ட வேண்டும்.

ஞாயிறு காலை அவள் மலைநீர் விழும் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். சுப்பம்மா சாமிக்கு முன்னால் வைக்கச் சிலேட்டை எடுத்தாள். எழுத்து வாசனை அறியாதவள். கிறுக்கலோடு வைப்பதா என்று சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். சந்தனத்துக்கு வழியில்லை, மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் பூசிப் பொட்டு வைத்தாள்.

குடத்தோடு வந்த அழகம்மா சிலேட்டைப் பார்த்தாள். போட்ட விடை மட்டுமா, கேள்வியும் சேர்ந்தல்லவா போய்விட்டது!

"என்னடி திருதிருன்னு முழிக்கிற? ஆத்தா எப்படி வச்சிருக்கேன் பாரு. இனி ஒம் படிப்புக்கு ஒரு கொறையும் வராது."

அந்த முகத்தைப் பார்த்து எதைச் சொல்வது? அப்பன் போன பிறகு ஆத்தா சிரித்து அன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

"நல்லாருக்கு ஆத்தா" என்றாள்.

பூசையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் சீக்கிரமாகப் போய்க் கூட்டாளியிடம் கேள்விகளை எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சுப்பம்மாவோ கற்பூரம் காட்டி முடிக்கும்வரை சிலேட்டைக் கொடுக்கவில்லை. ஓட்டமாக ஓடிப் போயும் மணி அடித்துவிட்டது.

உபாத்தியாயர் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ வேதக்காரர். பொல்லாதவர் இல்லை. மூலையில் ஒட்டியிருந்த மஞ்சளைத் தடவிப் பார்த்தார்.

"இது ஆர் அழிச்சது? வேற ஆரும் அழிச்சதெண்டால் சொல்லு. பாதிரியாரிட்டக் கேட்டுப் பாக்கிறன்."

சொன்னால் தாயை வரச் சொல்வார்கள். போன வருஷம் இப்படித்தான் ஒரு பிள்ளையின் தாயை எல்லார் முன்னிலையிலும் நிற்க வைத்து, கல்லைக் கும்பிடுகிறவளே என்று கண்டியிலிருந்து வந்த பாதிரியார் ஏசினார். அழகம்மாவுக்கு அது மறக்கவில்லை.

"யாரும் அழிக்கல ஐயா. நான்தான் கணக்குப் போடல."

உபாத்தியாயர் சிலேட்டைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு பெயரை வெட்டினார்.

மத்தியானம் அவள் நேரே மலைக்குப் போனாள். சுப்பம்மா பழக்கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"பேர வெட்டிட்டாங்க ஆத்தா. நான் பாடம் செய்யல."

பளாரென்று ஓர் அறை விழுந்தது.

"சாமி கும்பிட்டு அனுப்புனேனேடி! ஒரு வேல வெட்டி சொன்னேனா ஒனக்கு? படிக்கிறதத் தவிர என்னடி வேல? யாருக்காகடி நான் இந்த மலையில கெடந்து சாகுறேன்?"

அடித்துக்கொண்டே அழுதாள். அடி வலித்தது, உண்மையைச் சொல்லிவிட்டால் ஆத்தாவுக்கு இதைவிட வலிக்கும் என்று அழகம்மா வாயைத் திறக்கவில்லை.

கங்காணி இருளப்பன் சத்தம் கேட்டு வந்தார். பழம் பழுத்துக் கொட்டும் காலம், ஆள் போதாது. பழம் பறிக்கும்போது இடுப்பில் கட்டும் சாக்கு ஒன்றை அழகம்மா முன்னால் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சுப்பம்மாவே அதை மகள் இடுப்பில் கட்டிவிட்டாள்.