ராணிக்குப் பார்த்த மாப்பிள்ளை

வேலூரில் அல்சேஷன் நாய் வளர்க்கும் என் தாய்மாமா துரைக்கண்ணுவுக்கு மனிதர்களைவிட நாய்கள்மேல் மரியாதை அதிகம். அவர் மகள் நீலாவதியை நான் பெண் கேட்டபோது, ராணி என்ற பெட்டை நாயைக் கையில் பிடித்துக் கொடுத்தார். இதை வளர்த்து, என் சுல்தானோடு சேர்த்துக் குட்டி எடுத்துக் காட்டு, பிறகு பெண்ணைத் தருகிறேன் என்றார். பெண் கேட்கப் போனவன், மலைமேல் நான் வேலை பார்த்த ஜமுனாமரத்தூருக்கு நாயோடு பஸ் ஏறினேன். எழுபத்தெட்டாம் வருஷத்தில் ஒரு தபாலாபீஸ் குமாஸ்தாவுக்கு இதைவிட அவமானம் வேறென்ன வேண்டும்?

ராணிக்கு மாதம் ஒருமுறை வலிப்பு வரும். நுரை தள்ளிக்கொண்டு, படுத்தபடியே நாலு காலாலும் ஓடும். இரும்பு பட்டால் நிற்கும் என்று பக்கத்து வீட்டு மங்கம்மாள் களைக்கொத்தோடு ஓடிவந்து அதன் முன்னங்காலில் பிடிக்கக் கொடுப்பாள். நாயால் அதைப் பிடிக்க முடியாது என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டாள்.

ஒரு சந்தை நாளில் மாமா சுல்தானோடு வந்து இறங்கினார். மாப்பிள்ளை எந்த வகையறா என்று மங்கம்மாள் விசாரித்தாள். மாமா பெருமையாக வம்சாவளிப் பத்திரங்களை வாசித்தார். இரண்டுக்கும் அப்பா ஒன்று. தெருவே கூடிவிட்டது.

"ஒரே அப்பன் புள்ளைங்கள எப்புடிங்க சேத்து வெப்பீங்க? இந்த மலையில அது நடக்காதுங்க" என்றாள் மங்கம்மாள்.

சுத்த ரத்தத்தைப் பற்றி மாமா பிரசங்கம் தொடங்கினார். பாதியில் சுல்தான் தொப்பென்று விழுந்து நுரை தள்ளியது. மங்கம்மாள் களைக்கொத்து எடுக்க ஓடினாள்.

சந்தைக்கு வந்திருந்த மாட்டு டாக்டரை நான் அழைத்துவந்தேன். இது பரம்பரை வலிப்பு, சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து வளர்த்துவிட்டிருக்கிறீர்கள், இரண்டையும் இனிக் குட்டிக்கு விடாதீர்கள் என்றார். மாமா உடைந்துபோனார். நீலாவதி கைநழுவிவிட்டாள் என்றே நினைத்தேன்.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளைத் தொட்டார்.

"நாய் போனா போவுது வுடு. நீ நம்ம ரத்தம்டா. தை மாசம் கல்யாணத்த வெச்சுக்கலாம்."

எனக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது. மாமன் மகள் முறைதான், கட்டலாம் என்று மங்கம்மாளும் தீர்ப்புச் சொன்னாள். டாக்டர் மட்டும் நீலாவதியின் அம்மா யார் என்று கேட்டார். என் கூடப்பிறந்த அக்காதான் என்றேன். மாமா தன் அக்கா மகளையே கட்டியவர். உங்கள் அப்பா அம்மா எப்படி என்று டாக்டர் விடாமல் என்னைக் கேட்டார். அவர்களும் அத்தை மகன், மாமன் மகள்தான் என்று மாமா பத்திரம் வாசித்த அதே பெருமையோடு சொன்னார்.

டாக்டர் நாயின் பத்திரத்தைத் திருப்பி, எங்கள் எல்லோர் பெயரையும் எழுதிக் கோடு இழுத்தார். பிறகு மாமாவைப் பார்த்தார்.

"இதுக்கு உங்க நாய்ங்களே தேவலைங்க."

நான் வாங்கிப் பார்த்தேன். எல்லாக் கோடுகளும் சுற்றிச் சுற்றி என்னிடமும் நீலாவதியிடமும் வந்து முடிந்தன. எங்களுக்குக் கீழே, பிள்ளை இருக்கவேண்டிய இடத்தில், ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். நீலாவதி கிடைப்பாளா என்று மட்டுமே மூன்று வருடமாகப் பயந்தவன், அன்றைக்கு முதல்முறையாக அந்தப் பிள்ளைக்காகப் பயந்தேன்.