மெஷின் ஓடிய கலியாண வீடு

"கறண்டும் தண்ணியும் வாடகைக்குள்ளதான் புள்ள. தனியா ஒண்டும் தரத் தேவல்ல" என்று வீட்டுக்கார ஹாஜறா சொன்னபோது ஸுஹைறாவுக்குத் தலைகால் புரியவில்லை. சாய்ந்தமருதில் அதற்கு முன் பார்த்த வீடுகளில் எல்லாம், மகளின் மூச்சு மெஷினைப் பற்றிச் சொன்னதுமே முகங்கள் மாறிவிட்டன. இரவு பகலாக ஓடுகிற மெஷின் என்றால் பில்லை நினைத்து யார்தான் பயப்படமாட்டார்கள்? அதனால் இங்கே அவள் வாயே திறக்கவில்லை. சொந்த ஊரான வரிப்பத்தான்சேனையில் நெல் சூடடிக்கிற தூசி மகள் பஸ்மினாவின் நெஞ்சுக்கு ஆகாது, ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருந்தே ஆகவேண்டும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். புருஷன் வேளாண்மையைப் பார்க்க ஊரில் நின்றுகொண்டான். ஸுஹைறா மெஷினைப் பாயில் சுருட்டி, தலையணைகளோடு சேர்த்து, வாடகைக்கு எடுத்த மேல்மாடிக்கு ஏற்றிவிட்டாள்.

கள்ளம் செய்த மனம் சும்மா இருக்குமா? மெஷினுக்குப் போகிற கறண்டை வேறெங்காவது மிச்சம் பிடிக்கவேண்டும் என்று லைட் போடாமல் சமைத்தாள். ஃபேனைத் தொடவே இல்லை.

"இருட்டுக்க என்ன செய்றா புள்ள?" என்று ஹாஜறா கீழிருந்து கேட்பாள்.

"கண் கூசுது மாமி" என்பாள் இவள். ஹாஜறா அதை நம்பிக் கண்ணுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தனுப்பினாள். அந்தப் போத்தலைப் பார்க்கப் பார்க்க ஸுஹைறாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்த ஊர்ப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் அவள் வீட்டுக்கு வந்து குடியேறுவார். மேல்மாடியும் ஹாஜறாவின் மகள் றஸ்னாவின் பேரில்தான் எழுதியிருந்தது. கலியாணம் சரிவந்ததும், புதுச்சோடி மேலே வரப்போகிறது, வேறு வீடு பாருங்கள் என்று ஹாஜறா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஓம் மாமி" என்று தலையாட்டிய ஸுஹைறா, கதவைச் சாத்திவிட்டு அழுதாள். இந்த மெஷினோடு இனி யார் வாசலில் போய் நிற்பது? கலியாண நாள் வரைக்கும் வேறு வீடு அமையவில்லை.

கலியாணத்தன்று மஃரிப் தொழுகை முடிந்து மாப்பிள்ளை முபாறக் வந்து இறங்கிய கையோடு ஊர் முழுக்கக் கறண்ட் போயிற்று. கீழே வாடகை ஜெனரேட்டர் உறுமியது, கலர் பல்புகள் திரும்பவும் மினுங்கின. மேலே மெஷின் ஊமையாகிவிட்டது. அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன ஒக்சிஜன் சிலிண்டரைப் பூட்டிவிட்டு, அதன் முள் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முள் சிவப்புக்கு வந்த பிறகும் கறண்ட் வரவில்லை. பிள்ளையையும் சிலிண்டரையும் அள்ளிக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

பெண்கள் சூழ, நகையும் பட்டுமாக இருந்த றஸ்னாவின் முன்னால் போய் நின்று, மறைத்ததெல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினாள். "அல்லாஹ்வுக்காக ஒரு பிளக் தாங்க தங்கச்சி."

றஸ்னா பிள்ளையின் நீலம் பாய்ந்த உதட்டைப் பார்த்தாள். மணப்பெண் குரல் உயர்த்தக் கூடாதென்பதையெல்லாம் அவள் யோசிக்கவில்லை.

"எல்லாத்தையும் நூருங்க! பல்பு, ஸ்பீக்கர், ஃபேன், ஒண்டும் வேணாம், ஜெனரேட்டர் கறண்ட் புள்ளைக்கு மட்டும்! மேலே ஒரு மெஷின் இரிக்காம், ஆராவது ஓடுங்க!"

முதலில் ஓடியது மாப்பிள்ளை. சரிகைக் கோட்டோடு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். மாமி வீட்டு மாடியில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. மெஷினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

மெஷின் ஓடத் தொடங்கியது. அத்தனை பெரிய கலியாண வீடு, இருட்டில் வியர்வை வழிய, ஒரு பிள்ளையின் மூச்சைக் கேட்டுக்கொண்டு நின்றது. உதடு மெல்லச் சிவந்து வந்ததைக் கைபேசி வெளிச்சத்தில் கண்ட பெண்கள், "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள். ஸுஹைறாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எந்தச் சனத்துக்குப் பயந்து ஒளித்தேன் யா அல்லாஹ் என்று மலைத்துப்போனாள்.

"மொதல்லயே செல்லியிருந்தா மேலயும் ஜெனரேட்டர் லைன் இழுத்து வெச்சிரிப்பமே புள்ள" என்று ஹாஜறா அழுதாள்.

"உம்மா, மேல் வீடு என்ட பேர்லதானே?" என்றாள் றஸ்னா.

"ஓம்."

"அப்ப இவங்க அங்கயே இரிக்கட்டும். எங்களுக்குக் கீழ ஒரு அறை காணும்." பிறகுதான் மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "என்ன செல்றீங்க?" என்றாள்.

அவள் அவரோடு கதைத்த முதல் பேச்சு அது. முபாறக் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, தரையில் கிடந்த வயரில் யாரும் தடக்கி விழாமல் காவல் நின்றார். "வீட்டுக்காரி செல்லிட்டீங்க. மெஷின எங்க வைக்கிறெண்டு மட்டும் காட்டுங்க" என்றார்.